இடியம் சார்

கனடா போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும்; எங்கள் ஊரில் ஐஇஎல்டிஎஸ் எழுத இடியம் சாரைக் கும்பிட வேண்டும். அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் ஒன்று, ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த லாங் சைஸ் நோட்டு ஒன்று. டியூஷனுக்கு அவர் போட்ட முதல் இவ்வளவுதான்.

சார் எதையும் வெறுமனே எழுதிவிட மாட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறியபோது அவர் கொடுத்த இரங்கல் கடிதம் ‘எவ்ரி க்ளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங்’ என்று தொடங்கியது. அந்த வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாததால் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார்கள். தெரிந்த மருமகன் ஒருவர் துபாயில் இருக்கிறார். லீவில் வரும்போது பார்க்க வேண்டும்.

தேர்வில் கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். அதற்குள் ஒரு டஜன் இடியமாவது விழ வேண்டும் என்பது சாரின் சட்டம். தலைப்பு எதுவானாலும் ‘டபுள் எட்ஜ்டு ஸ்வார்டு’ முதல் வரியில் உருவப்படும். ‘லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்’ கடைசிப் பத்தியில் வந்து நிற்கும். போன மாதம் ‘முதியோரைப் பேணுவது யார் கடமை?’ என்று ஒரு தலைப்பு கொடுத்தார். பெற்றோர் ‘கிக் த பக்கெட்’ செய்யும்வரை பிள்ளைகள் அன்போடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பையன் எழுதினான். சிவப்பு மையில் ‘எக்ஸலண்ட்’! அப்பா மண்டையைப் போடும்வரை கண்ணுக்குள் வைத்துக் காப்பேன் என்று தமிழ்ப் பரீட்சையில் எழுதியிருந்தால் இதே சார் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

அச்சில் அடிக்கடி பார்த்துப் பழகிய உவமைகளைத் தொடவே தொடாதே என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே எழுதிவிட்டாரே சார் என்றேன்.

“அவர் எத்தனை பேண்டு வாங்கினார்?” என்றார்.

ஐஇஎல்டிஎஸ் வந்ததே 1989-ல்தான். அதைச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். தேர்வின் மதிப்பீட்டு விளக்கத்தில் இடியத்துக்கு இடம் உண்டுதான். ஆனால் இடம் பார்த்துப் பயன்படுத்தினால்தான் மதிப்பு. அதையும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்தது. பேச்சில் அந்தப் பையனுக்கு 7.5 பேண்டு. பதற்றத்தில் நோட்டு முழுக்க மறந்துபோய், தோன்றியதைப் பேசியிருக்கிறான். கட்டுரைக்கு 5.5.

சார் கட்டுரையை நினைவிலிருந்து ஒப்பிக்கச் சொன்னார். கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார்.

“ஒம்பதுதாண்டா வருது! மீதி மூணு எங்கே?”

ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதலாமாம். பையன் பணம் கட்டிவிட்டான். சார் இரண்டாவது நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.