ஏர்பிரஷ் பெட்டி மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! பிளாஸ்டிக் விமானங்களுக்கும் பீரங்கி வண்டிகளுக்கும் வண்ணம் அடிக்கப் புதிதாகப் புகுந்த பிள்ளைகளின் புகலிடமே! ‘எல்லாம் உள்ளே’ என்று மூடியிலேயே கொட்டை எழுத்தில் அபயம் தரும் மலிவு விலை ஏர்பிரஷ் பெட்டியே! தேவரீரின் பெருமையைப் பாட ஒரு நா போதாது.

முதலில் திருக்கோல தரிசனம். கறுப்பு நுரை மெத்தையில் மினுமினுக்கும் ஏர்பிரஷ், அருகே 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டரில் மூன்று ஊசிகள், மூன்று நாசில்கள். தொண்டைமானின் ஆயுதசாலையில் ஔவையார் கண்ட வேல்களும் இத்தனை அழகாகத் துயின்றிருக்குமா என்பது ஐயமே. எதை முதலில் மாட்டுவது என்று தேவரீர் வாய் திறப்பதில்லை. சீடன் தானே உணரட்டும் என்று காக்கும் மௌனகுரு அல்லவா! சீடனும் மெல்லிய கோட்டுக்கு மெல்லிய ஊசி என்று 0.2-ஐ மாட்டுவான். அக்ரிலிக் பெயிண்ட் நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டுப் பெயிண்டும் வெளியே போய் வீணாகாத இந்தச் சிக்கனம் வேறு எந்தக் கருவிக்கு வாய்க்கும்?

ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே திருகிக்கொள்ளும் உள்ளங்கை கம்ப்ரஸரை என்னென்பது! மற்ற கம்ப்ரஸர்கள், பாவம், 3 லிட்டர் தொட்டியைச் சுமந்துகொண்டு தரையில் குந்தியிருக்கின்றன. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், அதைக் காட்ட ஒரு மீட்டர், காற்றின் ஈரத்தைப் பிடிக்க ஒரு நீர்ப்பொறி என்று எத்தனை பற்றுகள்! 15 அல்லது 20 பிஎஸ்ஐ வைத்தால் அங்கேயே நின்று தொலைக்கும் அடிமைப் புத்தி வேறு. தேவரீர் முற்றும் துறந்தவர். தொட்டி இல்லை, மீட்டர் இல்லை, நீர்ப்பொறி இல்லை. பம்பு துடிக்கத் துடிக்கக் காற்றும் துடிக்கும். காற்று துடிக்கக் கோடும் துடிக்கும். நேர்க்கோடு இழுப்பவனுக்கு அலைக்கோட்டையும் சேர்த்தே அருளும் வள்ளன்மை அது. சென்னை போன்ற கடலோர ஊரானால் காற்றின் ஈரத்தையும் திரட்டி, பெயிண்டோடு ஒரு துளி தீர்த்தமும் தெளிப்பீர்கள்.

எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவரீர் ஆற்றிய அனுக்கிரகத்தை நான் அருகிருந்து பார்த்தேன். பொங்கல் காசையெல்லாம் சேர்த்து வாங்கிய 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரி. மூன்று வாரம் ஒட்டினான். இறக்கையின் ஒட்டுத் தெரியாதபடி உப்புத்தாளால் தேய்த்தான். விமானி அறைக் கண்ணாடிச் சட்டங்களுக்கு முடி அகலத்தில் டேப் வெட்டி ஒட்டினான். 1940-இல் பிரிட்டிஷ் விமானப்படை பறந்த அதே மண்ணிறமும் கரும்பச்சையும் வர வேண்டுமென்று படம் படமாகப் பார்த்துப் பெயிண்ட் கலந்தான். மண்ணிறம் ஒருவாறு ஏறியது. பச்சைக்கு டிரிகரை அழுத்தினான். தேவரீர் ஒருமுறை இருமி, இறக்கை நடுவில் ஒரு சொட்டைத் துப்பினீர்கள். பின்னாலேயே வந்த காற்று அதைச் சிலந்திக் கால்களாக எட்டுத் திசையும் ஓட்டியது. பிள்ளை அழவில்லை. பஞ்சால் துடைத்தான். துடைத்த இடத்தில் இறக்கையின் நுண்கோடுகளெல்லாம் பச்சையால் நிரம்பி மறைந்தன. மூன்று வார உழைப்பை மூன்று நொடியில் சமன்செய்து, பற்றறுக்கும் ஞானத்தைப் பதினைந்து வயதிலேயே ஊட்டிய கருணையை என் கண்ணாலேயே கண்டேன்.

உடலால் தேவரீர் மென்மையின் சிகரம். கழுவும்போது ஊசி நுனி கிண்ணத்தின் விளிம்பில் உரசினாலே தூண்டில் முள்ளாக வளைந்து வணங்கும். நாசிலைச் சிறு சாவியால் சற்று அழுத்தித் திருகினால் மரை அறுந்து மோட்சம் அடையும். லாக்கர் தின்னர் பட்ட ரப்பர் வளையம் புளகாங்கிதத்தில் உப்பிப்போகும். இவாட்டா, ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் போன்ற லௌகீகர்கள் ஊசி தனியாக, நாசில் தனியாக விற்று வயிறு வளர்க்கிறார்கள். தேவரீருக்கோ பெயரே கிடையாது. பெயரில்லாதவரின் உதிரி பாகத்தை எந்தக் கடையில் போய்க் கேட்பது? பகுதிகளாகப் பிரிக்க முடியாத பரம்பொருள் என்பது இதுதான்.

‘எல்லாம் உள்ளே’ இருக்கும் அந்தப் பெட்டியில் முகக்கவசம் மட்டும் இல்லை. லாக்கர் ஆவியைத் தடுக்கக் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய கவசம் வேண்டும், தூசிக்குப் போடும் துணி உதவாது என்றெல்லாம் சொல்லி ஒரு சிறுவனைப் பயமுறுத்துவது தேவரீரின் குணத்துக்கு அழகில்லை. ஜன்னல் சாத்திய அறையில் அவன் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளட்டும் என்று தாராளமாக விட்டிருக்கிறீர்கள். அந்தத் தாராளத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அடியார் கூட்டத்துக்கும் குறைவில்லை. பெட்டி வந்த அன்றே, நுரை மெத்தையிலிருந்து எடுக்கும் முன்னரே, ‘சொன்ன நாளில் வந்தது, பேக்கிங் அருமை’ என்று ஐந்து நட்சத்திரம் சார்த்துகிறார்கள். அந்த நட்சத்திரங்களை எண்ணித்தான் எதிர்வீட்டுப் பிள்ளையும் வாங்கினான்.

போன வாரம் அவன் தேவரீரைத் துடைத்து, மூன்று ஊசிகளையும் அதனதன் பள்ளத்தில் படுக்கவைத்து, வளைந்ததை அடியில் மறைத்து, போட்டோ எடுத்தான். ‘ஒரே ஒரு முறை பயன்படுத்தியது, புதிது போல’ என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறான். மாலைக்குள் ஒரு பையன் கேட்டுவிட்டான்: “அண்ணா, இதுதான் என் முதல் ஏர்பிரஷ். கொஞ்சம் குறைச்சுக் குடுப்பீங்களா?”