சொந்தம் வேணாம்னு சொன்னவன் கொல்லை

வாய்யா மாப்ளே, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிக் கிடக்கு? தைலங்கன்னு இலையெல்லாம் வீங்குதாமே. சேதி வடகாடு டீக்கடை வரைக்கும் வந்துருச்சு.

போன வருஷம் என் மகளைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்போ, இதே திண்ணையில என்ன சொன்னே? "சொந்தத்துல கட்டுனா பிள்ளைக்கு ஆகாது மாமா, டாக்டருங்க சொல்றாங்க." நானும் தலையை ஆட்டிட்டேன். உங்க அத்தைதான் ரெண்டு நாளு எனக்குச் சோறு போடலை. நீ சொன்னது ஞாயந்தான்யா. ஆனா பொண்ணு விஷயத்துல அம்புட்டு ரத்தம் பார்த்தவன், மூணு ஏக்கருக்குக் கன்னு எடுக்கையில மட்டும் ஏன் கண்ணை மூடிக்கிட்டே?

"குளோன் மாமா, அத்தனையும் ஒரே உசரம் நிக்கும்"னே. நிக்குது. ஒரே தாய்மரத்துக் குச்சியை நறுக்கி வேர் பிடிக்க வச்ச கன்னு. இது சொந்தத்துல கட்டுறதுகூட இல்லை மாப்ளே, ஒரே ஆளை ரெண்டாயிரம் தடவை நட்டு வச்சிருக்கே. அவனுக்கு ஆகாத பூச்சி ஒண்ணு வந்தா, யாருக்கு யாரு காவல்?

அந்தக் கிளையை இப்படிக் கொண்டா. பாரு, இலைக்காம்புலயும் நடுநரம்புலயும் பரு மாதிரி வரிசையா. பச்சையா இருக்கிறது இளசு, செவந்தது முத்தினது. நகத்தால கீறுறேன், உள்ள வெள்ளையா நெளியுதா? இந்தப் பக்கம் ஊசிக்குத்து மாதிரி ஓட்டை இருந்தா ஆளு பறந்துருச்சு. இதெல்லாம் ஒரு குளவி வேலை, எள்ளைவிடச் சின்னது. ஆஸ்திரேலியாக்காரி. 2001ல கர்நாடகாவுல மண்டியாப் பக்கம் தலை காட்டி, அப்புறம் நம்ம பக்கத் தைலக்காட்டையும் ஒரு கை பார்த்துட்டா. ஏன் 'காரி'ங்கிறேன்னா, அந்தச் சாதியில ஆம்பளை அபூர்வம். மாப்பிள்ளையே இல்லாம பொட்டைக்கு மேல பொட்டையாப் பெத்துக்கிட்டே போகும். தரகர் செலவு மிச்சம்!

அதுக்காக, விதைக்கன்னு நட்டிருந்தாத் தப்பிச்சிருப்பேன்னு நினைக்காதே. மைசூர் கம்னு நாடு பூரா பரப்புன தைலமரம் இருக்கே, அது நந்திமலையில இருந்த சில மரங்களோட வம்சம். திப்பு சுல்தான் காலத்துல வச்சதும்பாங்க. சின்னக் கூட்டத்துக்குள்ளயே கொடுத்து வாங்கி, தலைமுறைக்குத் தலைமுறை சோகையாப் போச்சு.

இதெல்லாம் எனக்கு யாரு சொன்னான்னு பார்க்குறியா? நீ வேணாம்னியே, அவதான். விவசாயம் படிச்ச புள்ளை. அமெரிக்காவுல களையா மண்டுற முள்ளுச்செடி ஒண்ணு, கத்திரிக்கு ஒண்ணுவிட்ட சொந்தமாம். அது தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்காது. ஆனா பூவுக்கு வயசாகி, வெளி மகரந்தமும் வரலேன்னா, போனாப் போகுதுன்னு சேர்த்துக்கும். முப்பத்தஞ்சு தாண்டுன ஆளுங்க ஜாதகத்தை மூடி வைக்கிற மாதிரி. அப்படிப் பொறந்த செடிக்கு முள்ளும் கம்மி, இலையில சுணையும் கம்மி.

இன்னொண்ணு கேளு. நம்ம எள்ளுக்கொல்லையில வால்ல கொம்பு வச்ச பச்சைப்புழு தடியா நெளியுமே, அந்தச் சாதி அந்துப்பூச்சி ஒண்ணு ராத்திரியில அந்த முள்ளுச்செடியில முட்டை வைக்க எடம் தேடும். வெளிச்சம்பந்தத்துல பொறந்த செடி ராத்திரி பூரா வாசத்தை நல்லா விடும். அந்த வாசத்துல சிலது பூச்சியை 'போடீ'ன்னு விரட்டும், சிலது புழுவைத் தின்ன வர்றதுகளை 'வாங்க'ன்னு கூப்பிடும். சொந்தத்துக்குள்ளயே பொறந்ததுக்கு அந்த வாசம் கம்மி. பூச்சி நேரா அங்க போய் முட்டையைக் கொட்டிருச்சு. செடியைக் கண்ணுல காட்டாம வாசத்தை மட்டும் விட்டுப் பார்த்தாலும் அதே கதையாம். 2013லயே எழுதி வச்சிருக்காங்க.

சிரிக்காதே, உளுந்தைச் சொல்லி என்னை மடக்கப்போறே, தெரியும். உளுந்து பூ விரியுறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடும். பத்திரிகையும் கிடையாது, பந்தியும் கிடையாது. காலங்காலமா அப்படியே இருந்து, நொண்டி நொடமெல்லாம் கழிஞ்சு, அதுக்குப் பழகிப்போச்சு. ஆனாலும் வெள்ளை ஈ மஞ்சள் தேமலைக் கொண்டாந்து விட்டா, கொல்லையே மஞ்சக்காமாலை கண்ட மாதிரி ஆயிடுமே! அதுக்குத்தான் ஆலங்குடிப் பக்கம் வம்பன்ல உக்காந்துக்கிட்டு ரகத்தோட ரகத்தைச் சேர்க்குறாங்க. வம்பன் 6க்குக் காட்டு உளுந்துகிட்டயே போய்ச் சம்பந்தம் பேசியிருக்காங்க. நாமளா இருந்தா காட்டுப்பயலுக்கா பொண்ணுன்னு பாயைச் சுருட்டிக்கிட்டு வந்திருப்போம்.

சரி, வீங்குன கிளையை ஒடிச்சுத் தீயில போடு. செத்த கன்னுக்குப் பதில் அதே நர்சரிக்கு ஓடாதே. வேம்பு, பலான்னு கலந்து வையி, ஊடால கொஞ்சம் உளுந்து தெளி. மத்ததை உன் மாமன் மககிட்டயே கேட்டுக்க. ஞாயித்துக்கிழமை கொல்லையைப் பார்க்க வர்றாளாம். கூட திருமயத்து மாப்பிள்ளையும் வர்றாரு. போன வாரந்தான் தட்டு மாத்துனோம். ஏழு தலைமுறைக்குச் சொந்தம் கிடையாது, நல்லா விசாரிச்சுட்டேன். நாலு இளநி வெட்டி வையி.