மூன்று நன்றி, நாலு குடம்

எங்கள் மொட்டை மாடியிலிருந்து புழல் ஏரி தெரியும். 330 கோடி கன அடி பிடிக்கும் ஏரி. 2019 ஜூனில் அது வெடித்த சேறாகக் கிடந்தது. ‘லேக் வியூ’ என்று புரோக்கர் சொன்னதை நம்பி அட்வான்ஸ் கூடுதலாகக் கொடுத்த மேதை, அரைச் சொம்புத் தண்ணியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பிரஷர், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வந்தன. தண்ணி மட்டும் வரவில்லை.

“தினம் மூணு நன்றி எழுது, மனசு லேசாகும்” என்றார் ஆபீஸ் நண்பர். அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்று இரண்டு பேர் 2003-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்கிறார்களாம். வாரம் ஒருமுறை, ஐந்து விஷயம் வரைக்கும் எழுத வைத்தார்களாம். எனக்கு மூன்றுக்கே முட்டியது.

சூரியகாந்திப் பூ போட்ட டைரி ஒன்று வாங்கினேன். முதல் நாள்: ஃபேன் ஓடுகிறது, நன்றி. மோட்டார் ஓடுகிறது, நன்றி. அதில் காற்று வருகிறது, அதற்கும் நன்றி.

நாலாம் நாள், தண்ணி லாரி வரிசையில் குறுக்கே புகுந்த ஆளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மனைவி, “ஏங்க, இதை கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கணுமா?” என்றாள்.

அதனால் விடியற்காலைக்கு மாறினேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக எழுதுவது. ஒருநாள் அந்த நேரத்தில் லாரி ஹாரன் கேட்டது. பதறக் கூடாது என்பதுதானே பயிற்சி? பதறாமல் மூன்றாவது நன்றியை முடித்துவிட்டு, நாலு குடத்தோடு இறங்கினேன். டியூபில் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு அக்கா எங்களுக்கென்று ஒரு பச்சைக் குடத்தை வரிசையில் போட்டு, பிடித்தும் வைத்திருந்தார். “இன்னா தம்பி, தூங்கிட்டியா?”

“இல்லக்கா, நன்றி எழுதிட்டிருந்தேன்.”

“யாருக்கு?”

அன்றைய பட்டியலில் இருந்தவை: சூரியன், பறவைகள், ஆக்சிஜன். குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மாடியேறினேன்.

நன்றிக்குக் கீழே நம்பிக்கைக்கும் ஒரு வரி உண்டு. ‘நாளை மழை கொட்டும்’ என்று தினமும் எழுதினேன். டைட்டானிக்கில் தண்ணியில் மூழ்கிய டிகாப்ரியோகூட நம் ஊர் வறட்சியைப் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்டார். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. நான் மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, தண்ணி தண்டவாளத்தில் வந்துவிட்டது.

நான் கேட்ட மழை பாக்கி வைக்காமல் வந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் என்ற பெயரில். ஏரியைத் திறந்துவிட்டார்கள். கீழே நாங்கள் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்குள் முழங்கால் அளவு தண்ணி. சூரியகாந்தி டைரி ஊறி, இட்லி போல உப்பி மிதந்தது. “மொத்தம் எத்தனை தடவை எழுதினீங்க?” என்றாள் மனைவி.

டைரிக்குப் பின்னாலேயே ஒரு பச்சைக் குடமும் மிதந்து வாசலைத் தாண்டியது. எதிரே புடவையைத் தூக்கிச் செருகியபடி நின்ற அக்கா அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது என் குடமாச்சே!”