லோக்கல் சர்வரின் திணையியல்: மூன்றாம் மேசை ஒட்டுத்தாள்களை முன்வைத்து

திணைக்குள் அடங்காத பொருள் தமிழில் இல்லை. கருத்தரங்குக்குப் பதிவுக் கட்டணம் கட்டி, மதிய உணவுச் சீட்டும் சான்றிதழும் பெற்ற எவரும் இதை மறுக்கமாட்டார். அப்படியிருக்க, வெப் அப்ளிகேஷன் எழுதுவோர் ஊருக்குக் காட்டுமுன் தம் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கும் லோக்கல் சர்வர் மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமல் போனது வியப்பே. அக்குறையைப் போக்குவது இக்கட்டுரையின் நோக்கம். முதன்மைச் சான்று: எங்கள் அலுவலக மூன்றாம் மேசையின் மானிட்டர் விளிம்பில் ஒட்டியுள்ள நான்கு மஞ்சள் ஒட்டுத்தாள்கள். துணைச் சான்று: அம்மேசைக்காரர் டீ குடிக்கும்போது சொன்னவை.

லோக்கல் சர்வர் அகமா, புறமா? அகம் என்க. 127.0.0.1 என்ற முகவரிக்கு அனுப்புவது எதுவும் வாசல் தாண்டாது. அனுப்பிய மெஷினுக்கே திரும்பி வரும். தலைவன் தலைவி பெயரைச் சொல்லாமல் விடுவது அகமரபு. லோக்கல் சர்வர் பொட்டலமான எக்ஸாம்ப் நிறுவியதும் டேட்டாபேஸில் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்டு வெற்றிடம் என்று கிடப்பதை இதனோடு ஒப்பிடுக. யார், எந்த ஊர், யார் மகன் என்று ஒரு சொல் உண்டா? லைவ் சர்வரோ புறம். அங்கே யார் எத்தனை மணிக்கு எதைக் கெடுத்தார் என்பது பெயரோடு பதிவாகும்.

127 என்று தொடங்கும் முகவரிகள் 1,67,77,216. அத்தனையும் இந்த ஒரு வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இருந்தும் தெருவில் முதல் வீட்டில்தான் எல்லாரும் குடியிருக்கிறார்கள். பின்னால் வந்த ஐபிவி6 இதைக் கண்டு கடுப்பாகி ஒரே ஒரு வீடுதான் கொடுத்தது. லோக்கல்ஹோஸ்ட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்குத் தனிக் கருத்தரங்கு வேண்டும். தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாகப் போய், தானே இலை போட்டு, தானே சாப்பிட்டு, தானே 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிக்கொள்வதற்கு ஒரு சொல் கண்டுபிடிக்கும்வரை இக்கட்டுரை லோக்கல்ஹோஸ்ட் என்றே எழுதும்.

இனித் திணைகள்.

குறிஞ்சி. புணர்தல். அப்பாச்சி, மரியாடிபி, பி.எச்.பி., பேர்ல் நான்கும் எக்ஸாம்ப் என்ற ஒரே பொட்டலத்தில் கூடுகின்றன. பெரும்பொழுது வேண்டியதில்லை, சிறுபொழுது யாமம்.

முல்லை. என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல்.

மருதம் சற்று விரியும். முன்பக்கம் 3000-ஆம் போர்ட்டில், பின்பக்கம் 8000-ஆம் போர்ட்டில். ஒரே மெஷின், ஒரே கூரை. ஆனால் போர்ட் எண் வேறானால் பிரவுசருக்கு இருவரும் வேற்றாள். முன்பக்கம் கேட்கும்; பின்பக்கம் பதிலும் கொடுக்கும்; இன்னாருக்குத் தரலாம் என்ற ஒரு வரி ஹெட்டரில் இல்லையென்றால் அப்பதிலைப் பிரவுசர் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைச் சி.ஓ.ஆர்.எஸ். என்பர், கோர்ஸ் என்பர், ஊடல் என்க. ஊடல் தீர்க்க இடையில் போகும் பிராக்ஸியே மருதத்தின் வாயில். வாயில் மறுத்தலும் உண்டு (மேசை 3, ஒட்டுத்தாள் 1).

நெய்தல். 'என் மெஷின்ல ஓடுச்சே!'

பாலைக்கு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. போர்ட்டிலும் அவ்வாறே. நெக்ஸ்ட் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் 3000-இல் ஏற்கெனவே ஆள் இருந்தால் முகம் சுளிக்காமல் 3001-க்குப் போய்விடும். 3001-ஐ யாரும் விரும்பித் தேர்ந்ததில்லை. 3000 திரிந்ததே அது.

3000-இல் உட்கார்ந்திருப்பது யார்? பெரும்பாலும் நேற்றைய நாமே. டெர்மினலை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாலும் உள்ளே ஓடிய பிராசஸ் சிலவேளை சாவதில்லை. பெற்ற பிராசஸ் மறைந்தால், யூனிக்ஸில் எண் 1 பிராசஸ் அப்பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளும். பெற்றது நற்றாய், எடுத்து வளர்ப்பது செவிலி. இவ்வளவு பொருத்தமாக உள்ளதால் யூனிக்ஸை ஆக்கியோர் அகநானூற்றைப் படித்திருக்க வேண்டும் என முடிவு செய்வதில் தடையில்லை. இதைவிடக் குறைந்த சான்றை வைத்து முனைவர் பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

பாலை என்றால் ஆறலைகள்வர் வேண்டுமே? உள்ளனர். பழைய விண்டோஸ் மெஷினில் ஸ்கைப் முந்திப்போய் 80-ஆம் போர்ட்டில் அமர்ந்துகொள்ள, அப்பாச்சி ஸ்டார்ட் ஆகாமல் வாசலிலேயே நின்ற காலம் உண்டு. 2021-இல் வந்த மேக்ஓஎஸ் மான்டெரேயில் ஏர்ப்ளே ரிசீவர் 5000-ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டது. ஃபிளாஸ்க்கின் வழக்கமான இடமும் 5000. அந்தக் கள்வனைக் கொன்றால் மீண்டும் எழுவான். செட்டிங்கில் போய் அணைத்தால்தான் அடங்குவான் (மேசை 3, ஒட்டுத்தாள் 2, காப்பிக் கறைக்கு மேற்கே).

பாலையின் தீர்வைக் கூறுவது ஒட்டுத்தாள் 3. அதன் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மஞ்சளாகிவிட்டதால் மிகப் பழமையானது என்பார் உளர். அது மஞ்சளாகவே விற்கப்படுவது என்பது என் துணிபு. வாசகம் இது: 'கில் பண்ணு'. ஆயின் ககரத்தின் மேல் டீ சிந்தி மேல்விலங்கு அழிந்துள்ளது. எனவே 'கல் பண்ணு' என்றும் பாடம் ஓதுவர். பாலை வழியில் நடுகல் நிற்பதைச் சங்கப் பாடல்கள் காட்டுவதால், மாண்ட பிராசஸுக்குக் கல் நாட்டுக என்பதே மூலபாடம், 'கில்' என்பது ஏடு எழுதினோர் பிழை (மேசை 3, ஒட்டுத்தாள் 3, கீழ் விளிம்பு, மேற்படி தாள் ஏசி காற்றில் விழுந்து குப்பைக்கூடையிலிருந்து மீட்கப்பட்ட பின் எடுத்த இரண்டாம் போட்டோ, மேசைக்காரர் 'அய்யோ சார், அது கில்தான்' என்று வாய்மொழியாகத் தெரிவித்த மறுப்பு, மூல ஆசிரியரின் கருத்தாகையால் ஆய்வில் ஏற்கப்படவில்லை).

'கில்' என்ற பாடத்தையே விடாப்பிடியாகக் கொள்வோர்க்காகச் சிறிது கூறுதும். வெறும் கில் கொடுத்தால் போவது 15-ஆம் சிக்னல். 'எழுந்திருங்க, கடை சாத்தணும்' என்ற வேண்டுகோள் போன்றது. பிராசஸ் பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம், காதில் விழாததுபோல் இருக்கவும் செய்யலாம். கில் மைனஸ் 9-இல் அந்தப் பேச்சே இல்லை; பிராசஸைக் கேட்காமலே கர்னல் முடித்துவிடும். ஏன் ஒன்பது? தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு எட்டு. ஒன்பதாவதான சாந்தம் அந்த எட்டில் இல்லை. மைனஸ் 9 அடித்த பிறகு டெர்மினலில் நிலவுவது அதுவே.

ஒட்டுத்தாள் 4-இல் வைஃபை பாஸ்வேர்டு இருப்பதால் அதை ஈண்டு பதிப்பிக்க இயலவில்லை.

ஆய்வின் செய்முறைப் பகுதியும் நிறைவடைந்துள்ளது. இக்கட்டுரையாளரின் சர்வர் தற்போது 3007-இல் ஓடுகிறது. 3000 முதல் 3006 வரை இருப்போர் யாவர் என்பது அடுத்த கருத்தரங்குக்கு உரியது. பதிவுக் கட்டணம் கட்டியாயிற்று.