ஈ.பி. பில்லில் எழுத்து, சொல், பொருள்

பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் தீர்ந்தபின் அரசன் புலவர்களைத் தேடி அழைத்தான், எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைத்தார்கள், பொருளதிகாரம் வல்லார் எங்கும் கிடைக்கவில்லை என்று வருந்தினான் என்கிறது இறையனார் களவியல் உரை. இதுவரை இதை இலக்கண வரலாறாகவே படித்துவிட்டார்கள். மாடி போர்ஷனை வாடகைக்கு விட்ட சிறு வீட்டுக்காரரின் துயரமே அங்கு பேசப்படுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் குறித்துவிட்டுப் போகும் ரீடிங், எழுத்து. "நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்று குடித்தனக்காரர் அருளுவது, சொல். இரண்டும் தவறாமல் கிடைக்கின்றன. பொருள்தான் கிடைப்பதில்லை.

எழுத்தில் ஐயம் ஏதுமில்லை. 

ஆய்வுக்கு உரியது சொல்லே. மேற்படித் தொடருக்கு மூன்று பாடங்கள் உள்ளன. மூலபாடம் மாடிப்படியில், கீழிருந்து நான்காம் படியில் கிடைத்தது. "கண்டிப்பா நாளைக்கு" என்பது கதவு பாதி திறந்த நிலையில் பெறப்பட்டது. ‘கண்டிப்பா’ பிற்கால இடைச்செருகல். "அவர் வந்ததும் சொல்றேன்" என்னும் சிதைந்த பாடம், முக்கால் சாத்திய கதவின் கீல் ஓரமாக, குக்கரின் மூன்றாம் விசிலில் ஈற்றசை அழிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. இனி, ‘போட்டுடறேன்’ நிகழ்காலம், ‘நாளைக்கு’ எதிர்காலம். காலம் இப்படிப் பிறழ நன்னூல் காட்டும் காரணங்கள் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு. இங்கே விரைவு இல்லை. பில் தொகையைத் தவிர வேறெதிலும் மிகுதி இல்லை. தெளிவு அறவே இல்லை. எஞ்சுவது இயல்பு ஒன்றே. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் ‘நாளைக்கு’ என்பதைப் பிடுங்கி அடுத்த பில்லுக்கான வாக்கியத்தோடு மாட்டி உரை கண்டிருப்பார். குடித்தனக்காரர்கள் உரை எழுதாமலே அதைச் செய்துவிடுகிறார்கள். எந்த நாளை என்று கேட்கலாம். தொல்காப்பியத்தின் காலத்தில் ஆயிரம் ஆண்டு இப்படி அப்படி வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓய்வூதியம் வாங்குகிற துறையில், இரண்டு மாதத் தாமதத்தைப் பெரிதுபடுத்துவது பண்பாகாது.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் பொருள் தானே வருமே என்பர் ஒரு சாரார். சட்டநூல் பயிலாதார் கூற்று இது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக்கூடாது என்றது. அதன் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தியாவசியச் சேவைகளை நிறுத்தக்கூடாது என்கிறது. ஆனால் 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, கட்டணம் வராவிட்டால் மின்வாரியம் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துத் துண்டிக்கலாம். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். ஆகவே கட்டாதவர் ஒருவர், நோட்டீஸ் வாங்குபவர் மற்றொருவர். வினை ஓரிடம் எழுவாய் ஓரிடம்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமே என்பது அடுத்த தடை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது அதே 2017 சட்டம். அந்தச் சிறு தொகையிலேயே கடைசி மாத வாடகையும், வெள்ளையடிப்பும், உடைந்த குழாயும், எல்லா பில்லும் கழிய வேண்டும். ஒரு சொல் பல பொருள் தருவதை நிகண்டுகள் ஒப்பும்; ஒரு பொருள் பல கடனுக்கு வருவதை எந்த நிகண்டும் ஒப்பாது.

சப்-மீட்டர் வைத்தால் சிக்கல் தீரும் என்போருக்கு ஒரே கேள்வி. இரு வீட்டுக்கும் மெயின் மீட்டர் ஒன்று என்றால், நூறு இலவச யூனிட்டும் ஒருமுறைதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். தாண்டவைத்த அந்த 501ஆம் யூனிட் மாடியின் இஸ்திரிப் பெட்டியில் பிறந்ததா, கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் பிறந்ததா? சப்-மீட்டர் தொகையைச் சொல்லும், வரிசையைச் சொல்லாது. சங்கப் பாடலில் ஆசிரியர் பெயர் தெரியாதபோது பாட்டின் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று வழங்குவது நம் மரபு. இந்த யூனிட்டை எரித்தவரையும் ஐந்நூற்றொன்றார் என வழங்கலாம். பில் மட்டும் வீட்டுக்காரர் பெயரிலேயே வரும்.