பாக்குற கத்தி வேற, அறுக்குற கத்தி வேற

என்னப்பா பேராண்டி, மலையேறப் போறியாமே? கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போறியாம், அதுக்குக் கத்தி வாங்கணுமாம். நல்லது. போன்ல என்னமோ பாத்துக்கிட்டு இருந்தியே, அதை இப்படித் திருப்பு. அடேயப்பா! முதுகுல ரம்பம். பிடிக்குள்ள திசைகாட்டி. மூடியைத் திருகினா தீக்குச்சி, தூண்டில் முள்ளு, ஊசி, நூலு. அலகு முழுக்கக் கருப்புச் சாயம். ஏம்ப்பா, நீ போறது மலைக்கா, மாறுவேஷப் போட்டிக்கா?

இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். 1982ல ராம்போ படம் வந்துச்சு. அதுக்குக் கத்தி செஞ்சு குடுத்தவரு ஜிம்மி லைல்னு ஒரு அமெரிக்கக் கத்திக்காரரு. அவரு அடிச்சது நல்ல கைவேலை. அதைப் பாத்து உலகம் பூரா மலிவு நகலை வார்த்துத் தள்ளிட்டான். பிடி வெறும் குழாயா இருந்தா அலகு எதுல நிக்கும்? ஒரு விரக்கடைத் துண்டுலயும் ஒரு மரையிலயும் நிக்கும். ஓங்கி ஒரு போடு போட்டுப் பாரு, அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். முதுகு ரம்பம் மரத்தை அறுக்கும்கிறே? பச்சை விறகுல வச்சு இழு. பல்லு சிக்கி நீ முழிச்சிக்கிட்டு நிப்பே. அந்தத் திசைகாட்டி வடக்குன்னு எதைக் காட்டும்னு அதைச் செஞ்சவனுக்கே வெளிச்சம்.

சரி, அங்க போய் அப்படி என்னதான் வெட்டப் போறே? யோசிச்சுச் சொல்லு. கயிறு அறுப்பே. கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுவே. மாவு பாக்கெட்டைக் கிழிப்பே, தக்காளி நறுக்குவே. அனுமதி இருக்கிற எடத்துல அடுப்பு மூட்ட சுள்ளி சீவுவே. அம்புட்டுத்தான். கரடி வந்து மல்லுக்கு நிக்கப் போறதில்ல. வந்தா அந்தக் கத்தியைப் பிடிக்க உன் கை நிக்குமா? இதுக்கு எதுக்குடா ஒரு முழ நீளக் கத்தி? கை அகல அலகு போதும். நாலு அங்குலம், மிஞ்சினா அஞ்சு. கனம் மூணு மில்லிமீட்டரு, நாலு மில்லிமீட்டரு. ஆறு மில்லிமீட்டரு கனத்துல கத்தி விக்கிறான், பாத்திருக்கியா? அது கடப்பாரைக்குப் பொறந்த புள்ள. அதுல தக்காளியை அறுத்தா நசுங்கி ரசமாத்தான் வரும்.

மடக்குக் கத்தி வேண்டாம்னு நீயா முடிவு பண்ணினியே, அது வரைக்கும் சரி. மடக்குறதுக்கு ஒரு கீல் வேணும், கீல்ல மண்ணு போகும், ஆட்டம் குடுக்கும். மடங்காத கத்தியில கெட்டுப் போக என்ன இருக்கு? ஆனா ஒண்ணு பாத்து வாங்கு. அலகோட வால் பிடிக்குள்ள எம்புட்டுத் தூரம் போகுதுன்னு கேளு. கடைசி வரைக்கும் போயி, ரெண்டு பக்கமும் கட்டை வச்சு ஆணி அடிச்சிருந்தா கண்ணாலயே தெரியும், பிடியோட ஓரத்துல இரும்பு ஓடும். வாழ்நாளுக்கும் அசையாது. அதுக்காக முழு வால் இல்லாததெல்லாம் மட்டம்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே. வால் பாதியில நின்னாலும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி செய்யத் தெரிஞ்சவன் செஞ்சா நிக்கும்.

ஸ்வீடன் நாட்டுல மோரான்னு ஒரு ஊரு. அங்க 1891லேருந்து கத்தி அடிக்கிறான். அந்த ஊரு பேருதான் இப்ப கத்திக்கும் பேரு. தச்சன் வச்சிருக்கான், மீன்காரன் வச்சிருக்கான், தோட்டக்காரன் வச்சிருக்கான். அதுல கம்பானியன்னு ஒண்ணு. பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி, நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட அலகு. பாத்தா யாருக்கும் ஆசையே வராது. வால் பிடியோட கடைசி வரைக்கும் போறதும் இல்ல. ஆனா காட்டுல நெசமாப் பொழங்குறவன் கையில அதுதான் இருக்கும். ஏன்? வெட்டுவாய் ஒரே சரிவா இறங்குது. அந்தச் சரிவை அப்படியே கல்லு மேல படிய வச்சுத் தேய்ச்சா சாணை ஏறிடும், கோணம் பிடிக்கத் தெரியாத உனக்கும் ஏறும். அவன் ஊருல அது சல்லிசான கத்தி. இங்க கப்பலேறி வந்து சேரும்போது விலை கொஞ்சம் தலையைத் தூக்கிக்கும், அது வேற கதை. அப்பவும் உன் போன்ல இருக்கிற கருப்பனை விட இவன் நல்லவன்.

எஃகு என்ன எஃகுன்னு கேக்குறே. எழுத்தும் நம்பருமா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கியே, பரீட்சைக்கு அப்படிப் படிச்சிருந்தா வீட்டுல சந்தோஷப்பட்டிருப்பாங்க. ரெண்டே சாதிதான், கேட்டுக்க. ஒண்ணு துருப்பிடிக்கிற கார்பன் எஃகு. 1095னு அச்சடிச்சிருந்தா நூத்துக்கு ஒண்ணு கிட்டக்க கார்பன் இருக்குன்னு அர்த்தம். சீக்கிரம் சாணை ஏறும், கூர் நல்லா வரும், ஆனா ஈரத்துல போட்டா மறுநாள் செம்பட்டை. இன்னொண்ணு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு. மழையிலயும் கடற்கரையிலயும் நிம்மதி. சோம்பேறின்னா ரெண்டாவதை வாங்கு, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. தொடைச்சு எண்ணெய் போடுற பழக்கம் இருந்தா முதலாவது. எலுமிச்சம்பழம் அறுத்தா கார்பன் கத்தி கருத்துப் போகும், பதறாதே. கருப்பு கெடுதல் இல்ல, செவப்புதான் கெடுதல்.

ஆனா எஃகோட பேரை வச்சு ஒண்ணும் ஆகாதுப்பா. பதம்தான் எல்லாம். நம்ம பக்கத்துல திருப்பாச்சேத்தின்னா அரிவாள். சினிமாக்காரன் புண்ணியத்துல அந்தப் பேரைக் கேட்டாலே உனக்கு சண்டைக் காட்சிதான் ஞாபகம் வரும். அறுப்பு அறுக்கவும் கருவேலம் வெட்டவும்தான் சனங்க வாங்குது. எந்த ஊருப் பட்டறையா இருந்தாலும் போய் எட்டிப் பாரு. உள்ள இருட்டா இருக்கும். ஏன் இருட்டா இருக்கு, லைட்டு போடக் காசில்லாமயா? இரும்போட நிறம் பாக்கணும்டா. வெளிச்சத்துல பழுத்த செவப்பும் இளஞ்செவப்பும் ஒண்ணாத் தெரியும். காந்தத்தைக் கிட்டக்க கொண்டு போனா ஒட்டாம விடுற சூடு ஒண்ணு இருக்கு, 770 டிகிரி சொச்சம். அதைத் தாண்டினதும் எடுத்து, வெட்டுவாயை மட்டும் தண்ணியிலயோ எண்ணெயிலயோ முக்குவாரு ஆசாரி. இப்ப வெட்டுவாய் கல்லா இறுகிடும். அப்படியே விட்டா முறுக்கு உடையிற கணக்கா பொட்டுன்னு போயிடும். அதனால ஒரு எடத்தைத் தேய்ச்சுப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டுல காட்டுவாரு. பளபளப்பு மேல வைக்கோல் நிறம் மெதுவா ஓடி வரும். வந்ததும் நிறுத்தணும். இன்னும் கொஞ்சம் விட்டா நீலம் பாஞ்சுடும், கத்தி மெதுவாயிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நீ காசு குடுக்குறே.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சுக் குடுங்கன்னு கேளு. நல்ல இரும்பு, வளைஞ்சு குடுக்கும், உடையாது. ஆனா சில பட்டையில கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம், ஓடி ஓடிக் களைச்ச இரும்பு இல்லையா. கைதேர்ந்த ஆசாரி தட்டிச் சத்தம் கேட்டே ஒதுக்கிடுவாரு. உன் அளவைக் காகிதத்துல வரைஞ்சு கொண்டு போ. இல்லாட்டி பழக்கத்துல அரிவாளையே அடிச்சுக் குடுத்துடுவாரு, அப்புறம் அதை முதுகுல சொருகிக்கிட்டு பஸ் ஏறுனா உன்னை எங்க இறக்கி விடுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பதம் சரியா இருக்கான்னு எப்படிப் பாக்குறது? பித்தளைக் கம்பி ஒண்ணு எடு, கரண்டிக் காம்பு கூடப் போதும். கம்பியைப் படுக்க வச்சு, வெட்டுவாயை அது மேல சாய்ச்சு, கொஞ்சம் அழுத்தி வழிச்சு இழு. வெளிச்சத்துக்கு எதிராப் பிடிச்சா வெட்டுவாய் கம்பி மேல லேசா பிதுங்குறது தெரியும். கம்பியைத் தாண்டினதும் பழையபடி நிமிந்துக்கிட்டா நல்ல கத்தி. பிதுங்கினது பிதுங்கினபடியே நின்னா பதம் போதலை. பொடிப்பொடியா உதிர்ந்தா பதம் மிஞ்சிப் போச்சு. கடைக்காரன் முன்னாடி செய்யாதே, அடிக்க வருவான்.

டமாஸ்கஸ்னு ஒண்ணு அலை அலையாக் கோலம் போட்டு வருதே, அதுவா? ஒரு காலத்துல நம்ம பக்கத்து உருக்கு கப்பலேறிப் போய்த்தான் அந்த வாளுக்குப் பேரு கெடைச்சுது. இப்ப சல்லிசா வர்றதுல நெறைய சும்மா மேல அச்சடிச்ச கோலம். உப்புத்தாள் போட்டுத் தேய், கோலம் அழிஞ்சு கத்தி அம்மணமா நிக்கும். விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்னு சும்மாவா சொன்னாங்க?

பிடி வழுவழுன்னு மினுமினுப்பா இருந்தா தூரப் போடு. உறையைப் போட்டபடியே, கையில சோப்புத் தண்ணியைத் தடவிக்கிட்டுப் பிடிச்சுப் பாரு, வழுக்குதான்னு தெரிஞ்சு போகும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டின பிடி அந்தக் கடைக்காரன் விரலுக்குப் பொருந்தும், உனக்குப் பொருந்தாது. உறையை மாட்டி, தலைகீழாப் பிடிச்சு நாலு உதறு உதறு. கத்தி நழுவினா வேண்டாம். தோல் உறை அழகுதான். ஐப்பசி மழையில நனைஞ்சா ஊறிக்கிட்டே கிடக்கும், உள்ள இருக்கிற கத்தி துருவேறும். அடியில தண்ணி வடிய ஓட்டை போட்ட பிளாஸ்டிக் உறைதான் மலைக்குத் தோது.

இப்ப ஒரு சங்கதி, காதைக் கொடு. நீ போற கொடைக்கானல் மலையில பெரும்பகுதியை 2013லயே வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாச்சு. 1972ல போட்ட வனவிலங்குச் சட்டத்துல ஆயுதம்னா என்னன்னு ஒரு பட்டியல் இருக்கு. துப்பாக்கி, வெடி, விஷம், வலை, பொறி. அந்த வரிசையிலயே கத்தியும் இருக்கு. சரணாலயத்துக்குள்ள எழுத்துல அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையக் கூடாது. செக்போஸ்ட்டுல வனக்காவலரு உன் ராம்போக் கத்தியைப் பாத்தா, முதுகு ரம்பத்துக்கு வேற தனியா விளக்கம் கேப்பாரு. அதனால முன்கூட்டியே கேட்டுக்கிட்டுப் போ. வேண்டாம்னா வீட்டுல வச்சிட்டுப் போ, மாவு பாக்கெட்டைப் பல்லால கடிச்சுக் கிழி. ஆயுதச் சட்டத்துல இன்னொரு கணக்கு: அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்து, வீட்டு வேலைக்கோ வெவசாயத்துக்கோ செஞ்சதா இல்லைன்னா சில எடத்துல லைசென்சு கேக்கலாம். நாலு அங்குலக் கத்திக்கு அந்த வம்பே இல்ல. பாத்தியா, சின்னதா இருக்கிறதுல எம்புட்டு சௌகரியம்!

கூட வர்ற கூட்டாளி கத்தி கேட்டா கையில குடுக்காதே. கீழ வை, அவனா எடுத்துக்கட்டும். கையில குடுத்தா சண்டை வரும்னு உங்க அப்பத்தா சொல்லுவா. சண்டை வருதோ இல்லையோ, அவன் உள்ளங்கை கிழியாது.

காசு மிச்சமானா ஒரு சாணைக்கல்லு வாங்கு. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. கத்தியில போட்ட பணத்துல பாதியாவது கல்லுல போடு. மொட்டைக் கத்திதான் கையை வெட்டும், தெரியுமா? வழுக்கிக்கிட்டுப் போறது அதுதான். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அந்தக் கத்தியை அடுப்பங்கரையில போட்டுப் பொழங்கு. அங்க அறுக்காதது மலையில மட்டும் அறுத்துடுமா? இந்தா, கூடையில வெங்காயம் கிடக்கு. நாலு உரிச்சுப் பொடிசா அரி, பாப்போம். டேய், விரலை மடக்கிப் பிடி!