குப்பைப் பையில் ஒரு சாம்பியன்

போட்டி ஜூடோவுக்குப் பிள்ளையைத் தயார்செய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்கும் ஜொகூர் பெற்றோருக்கு: பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று, காலி மினரல் போத்தல் ஒன்று, கல்நெஞ்சு ஒன்று. பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டுங்கள். மேலே தடித்த ஜூடோ உடை. பிற்பகல் மூன்று மணிக்குத் தாமான் திடலில் பத்துச் சுற்று. போத்தல் குடிக்க அல்ல, துப்ப. எச்சிலுக்கும் எடை உண்டாம்!

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை மேலே இருக்கும் ஊர் இது. சும்மா நின்றாலே சட்டை நனையும். காற்றிலே அவ்வளவு ஈரம். வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பயிற்சி தரும் மாஸ்டருக்கு இது தெரியாதா? தெரியும். தராசு இறங்குவதும் தெரியும். 60 கிலோ பையனை 55இல் இறக்கினால் சின்னவனைப் புரட்டிப் போடலாமே! அதே கணக்கை எதிர் மாஸ்டரும் போடுகிறார். கடைசியில் மெத்தையில் மோதுவது ஒரே அளவான இரண்டு கருவாடுகள்.

தென்கொரிய வீரர் ஜுங் செ-ஹூன் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு எடை குறைக்கப் போய் சவுனா அறையில் செத்துக் கிடந்தார். வயது 22. நம் மாஸ்டர்களுக்கு அது கொரியச் செய்தி.

1882இல் கானோ ஜிகோரோ தொடங்கிய இந்தக் கலையின் பெயரில் உள்ள 'ஜூ'வுக்கு மென்மை என்று பொருள். முதல் பாடம் 'உகெமி', அதாவது அடிபடாமல் விழுவது. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், பதக்கமும் கிடையாது. ஆகவே அந்தப் பாடம் தள்ளுபடி. விழத் தெரியாத பிள்ளையை எறிந்தால்? 2021இல் தைவானின் தைச்சுங்கில் ஏழு வயதுச் சிறுவனை வகுப்பில் 27 முறை தூக்கி அடித்தார்கள். தலை வலிக்கிறது என்று அழுதான். நடிக்கிறான் என்றார் பயிற்சியாளர். 70 நாள் கோமாவில் கிடந்து செத்தான். பயிற்சியாளரிடம் உரிமம்கூட இல்லை.

ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் ஜூடோவில் இறந்திருக்கிறார்கள். 2013இல் மகளிர் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். மூங்கில் வாளால் அடித்தார் என்று 15 வீராங்கனைகள் புகார் கொடுத்த பிறகுதான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைப்பதையும் மெத்தையோரம் பெற்றோர் கத்துவதையும் பார்த்து வெறுத்து, 2022இல் அந்த வயதினருக்கான தேசியத் தனிநபர் போட்டியையே ஜப்பான் சம்மேளனம் நிறுத்தியது. இங்கே அந்தக் கத்தலுக்குப் பெயர் ஊக்கம்.

உண்மையான தயாரிப்பு பார்க்கச் சலிப்பாக இருக்கும். எறிவதற்கான நுழைவை மட்டும் எறியாமலே நூறு முறை பழகும் உச்சிகோமி, உடையைப் பிடிக்கும் பிடி வலுக்கக் கயிறு ஏறுவது, நான்கு நிமிட ஆட்டத்துக்கேற்ற ஓட்டமும் ஓய்வும், தண்ணீர், தூக்கம். வாட்ஸ்அப்பில் போட அதில் என்ன இருக்கிறது? பிள்ளை வாந்தி எடுத்தால்தானே வீடியோ!

போட்டி நாள். எடை பார்த்தாயிற்று. 55 கிலோ, சரியாக. அம்மா நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டுகிறாள். பையன் விரல் நடுங்கி நடுங்கி ரப்பர் வளையத்தைக் கழற்ற முடியாமல் தவிக்கிறான். அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "நம்ம பையனுக்கு கிரிப்புதான் ஸ்ட்ரோங்கு, தெரியுமா?"